தேசம் வெறும் கற்பனையா? இந்தோனேசியாவை வைத்து ஒரு பதில்

“நேரில் பார்த்தே இராத கோடிக்கணக்கான பேர் தங்களை ஒரே தேசத்தவர் என்று எப்படி நினைக்கத் தொடங்குகிறார்கள்? தேசம் என்பதே வெறும் கற்பனைதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கற்பனைதான். அதற்காக அது பொய் என்று ஆகிவிடாது. நான் சில வருடங்கள் சிங்கப்பூரில் வேலை பார்த்தவன். வேலை விஷயமாக அடிக்கடி படகேறி இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளுக்குப் போவேன். அதனால் அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன். ஏறக்குறைய ஐம்பதே வருடத்தில் ஒரு தேசம் உருவான கதை அது. யார், எந்த ஊரில், எந்த வருடம் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

1900 வாக்கில் அங்கே ஒருவரை நிறுத்தி “நீங்கள் யார்?” என்று கேட்டிருந்தால் ஜாவாக்காரன், மினாங்கபாவ், பூகிஸ், அம்போன்காரன் என்றோ, முஸ்லிம் என்றோதான் பதில் வந்திருக்கும். இந்தோனேசியா என்ற பெயர் 1850-லேயே சிங்கப்பூரில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அது அறிஞர்கள் தங்களுக்குள் புழங்கிய பெயர். அந்தத் தீவுகளைப் பிடித்து ஆண்டவர்கள் நெதர்லாந்தின் டச்சுக்காரர்கள். 1873-ல் அவர்கள் சுமாத்ராவின் வடமுனையில் இருந்த ஆச்சே சுல்தானகத்தின் மீது போர் தொடுத்தார்கள். பல வருடம் இழுத்த அந்தப் போரில் டச்சுப் படையில் நின்று ஆச்சேக்காரர்களைச் சுட்டவர்களில் ஜாவாக்காரர்களும் அம்போன்காரர்களும் ஏராளம். “நம் ஆட்களையே சுடுகிறோமே” என்று அவர்களுக்கு உறுத்தியிருக்க வழியில்லை. அப்படி ஒரு “நாம்” அப்போது இல்லவே இல்லை.

நாட்டின் எல்லையைக் கிழித்ததும் அந்நியர்கள்தான். 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் உட்கார்ந்து, சிங்கப்பூர் நீரிணைக்கு வடக்கே இருப்பது உனக்கு, தெற்கே இருப்பது எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒன்றாக இருந்த ஜோகூர்–ரியாவ் சுல்தானகம் இரண்டு துண்டானது.

டச்சுக்காரர் பக்கம் போன துண்டில்தான் பென்யெங்காத் தீவு இருக்கிறது. ரியாவ் தீவுகளின் தலைநகரான தஞ்சோங் பினாங்கிலிருந்து ‘பொம்பொங்’ என்ற சின்னப் படகில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். இறங்கியதும் மஞ்சள் வண்ணப் பள்ளிவாசல் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் மலாய் இலக்கணமும் அகராதியும் எழுதிய ராஜா அலி ஹாஜி வாழ்ந்த தீவு அது. அங்கே ஒரு காப்பிக் கடையில் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவருடைய பாட்டியின் தங்கை குடும்பம் ஜோகூரில் இருக்கிறதாம். நல்லது கெட்டதுக்கு இன்றைக்கும் போக்குவரத்து உண்டு. பேச்சு, சாப்பாடு, தொழுகை எல்லாம் ஒன்றுதான். அப்படியென்றால் உங்களை மலேசியர் என்றும் சொல்லலாமா என்று கேட்டேன். “இல்லை இல்லை, நான் இந்தோனேசியன்” என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர் ஜாவாவுக்குப் போனதே இல்லை. ஆனால் “எங்கள் நாட்டில்” என்று ஆரம்பித்தால் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் பாப்புவாவையும் சேர்த்துத்தான் பேசினார்.

உங்கள் கேள்வி முழுவதும் அந்தப் பெரியவரிடம் இருக்கிறது. உறவு ஜோகூரில், பாசம் பாப்புவா வரை.

இது எப்படி நடந்தது என்றால், முதல் காரியத்தை டச்சு அரசே செய்து கொடுத்தது. சட்டத்தில் மக்களை ஐரோப்பியர், சீனர் அரபியர் போன்ற வெளிக் கீழைநாட்டார், உள்நாட்டார் என்று மூன்றாகப் பிரித்து வைத்தது. ஜாவாவின் பிரபு வீட்டுப் பிள்ளையும் சுமாத்ராவின் வணிகர் மகனும் அந்தப் பட்டியலில் ஒரே கடைசி வரிசை. இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவின் மருத்துவப் பள்ளியில் பல தீவுகளின் பையன்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடம் படித்தார்கள். படித்து முடித்தால் எல்லாருக்கும் ஒரே அளவு உத்தியோகம், அதற்கு மேல் கதவு சாத்தியிருக்கும். தங்கள் அவமானம் தங்கள் ஊரோடு நிற்கவில்லை என்பதை அவர்கள் அங்கேதான் கண்டுகொண்டார்கள்.

1913-ல் நடந்ததைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நெதர்லாந்து விடுபட்ட நூறாம் ஆண்டு விழாவுக்கு டச்சுக்காரர்கள் இந்தத் தீவுகளிலும் நிதி திரட்டினார்கள். சுவர்தி சூர்யனிங்ராத் என்ற இளைஞர், “நான் ஒரு டச்சுக்காரனாக இருந்தால்” என்று டச்சு மொழியிலேயே ஒரு கட்டுரை எழுதினார். சுதந்திரத்தைப் பறிகொடுத்தவர்களிடமே உங்கள் சுதந்திர விழாவுக்குக் காசு கேட்கிறீர்களே என்பதுதான் அதன் சாரம். அவரை நாடு கடத்தினார்கள், அதுவும் நெதர்லாந்துக்கே! அங்கே போய்ப் படித்த இந்தத் தீவுகளின் மாணவர்களுடைய சங்கம் 1920-களில் தன் பெயரில் ‘இந்தோனேசியா’வைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் துணை ஜனாதிபதியான முகமது ஹத்தா அதன் தலைவராக இருந்தபோது கைதாகி, 1928-ல் ஹேக் நீதிமன்றத்தில் விடுதலையை வலியுறுத்திப் பேசி, குற்றமற்றவர் என்று வெளியே வந்தார்.

அதே 1928-ல், அக்டோபர் 27, 28 தேதிகளில் பத்தாவியாவில் இளைஞர் மாநாடு. ஒரே தாய்நாடு, ஒரே தேசம், ஒற்றுமைக்கு இந்தோனேசிய மொழி என்று உறுதிமொழி எடுத்தார்கள். இன்றைய தேசியகீதத்தை, அதை இயற்றிய சுப்ரத்மான் அங்கே வயலினில் மட்டும் வாசித்தார். காவல்துறை உள்ளே உட்கார்ந்திருந்ததால் வரிகளைப் பாடவில்லை. அங்கே வந்திருந்த பலருக்கு டச்சு மொழிதான் சரளமாக வரும். தங்களுக்கே சரியாகப் பேச வராத மொழியைத் தங்கள் மொழி என்று அறிவித்த அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அது எந்த மொழி? ஜாவா மொழி பேசியவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி. அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. துறைமுகத்திலும் சந்தையிலும் புழங்கிய மலாயை எடுத்துக்கொண்டார்கள். ஜாவா மொழியில் பெரியவரிடம் பேசும் சொற்கள் வேறு, சின்னவரிடம் பேசும் சொற்கள் வேறு. மலாயில் அந்த மேல் கீழ் அவ்வளவு இல்லை. பெரும்பான்மையினர் தங்கள் மொழியை மற்றவர் தலையில் கட்டாமல் ஒதுங்கி நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யாரும் தாய்மொழியைக் கைவிட வேண்டும் என்று உறுதிமொழி கேட்கவும் இல்லை.

1945-ல் இன்னொரு முறை அப்படி விட்டுக்கொடுத்தார்கள். முஸ்லிம்கள் இஸ்லாமியச் சட்டத்தைப் பின்பற்றும் கடமை பற்றி அரசியல் சாசன முகவுரை வரைவில் ஒரு தொடர் இருந்தது. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் சேர மாட்டார்கள் என்று தெரிந்ததும், சுதந்திரம் அறிவித்த மறுநாளான ஆகஸ்ட் 18-ல் அதை நீக்கினார்கள்.

அப்புறம் தினசரி வேலை. திங்கள்கிழமை காலை பள்ளியில் கொடியேற்றம். முதல் ஜனாதிபதி சுகர்ணோ பிரபலமாக்கிய கறுப்புத் தொப்பி. ஆகஸ்ட் 17 வந்தால் தெருவுக்குத் தெரு போட்டிகள். நம் ஊர் வழுக்கு மரம் அங்கேயும் உண்டு, அதுவும் பாக்கு மரத்தில். ஆளின் தோளில் ஆள் நின்றால்தான் உச்சிப் பரிசுக்குக் கை எட்டும். ரியாவ் தீவுகளில் ஒன்றான பாத்தாமில் ஒருமுறை பார்த்தேன். ஐந்து தீவுகளிலிருந்து பிழைக்க வந்த பையன்கள், உடம்பெல்லாம் எண்ணெயும் சேறும், சறுக்கிச் சறுக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் நாடு முழுக்க இப்படித்தான் ஏறிக்கொண்டிருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இவ்வளவு அழகாகத் தொடங்கிய தேசம்தான் 1975 டிசம்பரில் கிழக்குத் தீமோருக்குள் படையை அனுப்பியது. அது போர்ச்சுகீசியரின் காலனி. அந்த மக்கள் 1928 உறுதிமொழியில் இல்லை, டச்சுப் பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் இல்லை. ஆக்கிரமிப்புக்கு முன் அங்கே கத்தோலிக்கர்கள் சிறுபான்மை. அங்கீகரித்த மதங்களில் ஒன்றில் சேர வேண்டும் என்று ஜகார்த்தா வற்புறுத்தியது. திருச்சபையோ அடைக்கலம் கொடுத்து, உள்ளூர் மொழியான தேத்தும் மொழியில் வழிபாடு நடத்தியது. சில ஆண்டுகளில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர் ஆகிவிட்டார்கள். நசுக்கியதே அவர்களை ஒன்றாக்கியது. 1994 நவம்பரில் தீமோர் மாணவர்கள் 29 பேர் ஜகார்த்தாவின் அமெரிக்கத் தூதரகச் சுவரேறிக் குதித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ஹத்தா ஹேக்கில் செய்ததை அவர்கள் ஹத்தாவின் நாட்டுத் தலைநகரில் செய்தார்கள். 1999 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் பிரிவினைக்கு வாக்களித்தார்கள்.

பாப்புவா இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. 1969-ல் இந்தோனேசியாவோடு இருக்கச் சம்மதமா என்று கேட்க ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் சம்மதத்தையே மக்கள் சம்மதம் என்று கணக்கில் எழுதினார்கள். பாப்புவர்கள் நூற்றுக்கணக்கான மொழிகள் பேசுபவர்கள்; “நாங்கள் பாப்புவர்” என்று தங்களுக்குள் பேசிக்கொள்வதே பெரும்பாலும் மலாயில்தான். 2004-ல் பாப்புவாவின் விடிவெள்ளிக் கொடியை ஏற்றியதற்காக பிலெப் கர்மா என்ற அரசு ஊழியருக்கு 15 வருடச் சிறை விதித்தார்கள். அந்தக் கொடியை மதிக்கும் மனிதர்களை இந்தத் தண்டனை இந்தோனேசியர் ஆக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.