காரைதீவுத் தம்பிக்கு: மருந்துக்கடைக்குப் போக முதல் ஏசி ஃபில்டரைக் கழட்டிப் பார்

தம்பி, உன்ட கேள்வி நாலையும் வாசிச்சன். கட்டார் வந்ததில இருந்து விடியக்காலையில மூக்கடைப்பும் வறட்டு இருமலும், அது ஏசியாலயா எண்டது ஒண்டு. ஏர் பியூரிஃபயர் வாங்கவா எண்டது ரெண்டு. காசு அனுப்புறதும் லைசென்ஸும் மற்ற ரெண்டு. கடைசி ரெண்டையும் ஒரு வரியில முடிச்சிர்றன். காசை வங்கியால அனுப்பு, வங்கிக்கு வெளியால ஆள் மூலம் அனுப்புற உண்டியலுக்குக் குடுத்துப்போட்டு மறுகா தலையில கைவச்சுக்கொண்டு இருக்காதே. லைசென்ஸுக்கு என்ன அவசரம், முதல் வேலை நிலைக்கட்டும். இருமலுக்கு வருவம்.

"நெல்லுச் சுணைக்குள்ள நிண்டு சூடடிச்ச எனக்கு இந்தத் தூசி என்ன செய்யும்" எண்டு எழுதியிருக்கிறாய். வயல்ல சுணை பறந்தா காத்து அள்ளிக்கொண்டு போயிரும். வீட்டுக்கு வந்து கிணத்தடியில ரெண்டு வாளி ஊத்தினா விஷயம் முடிஞ்சுது. இப்ப நீ படுக்கிற ரூமில காத்துக்குப் போக வழியில்ல. ஸ்பிளிட் ஏசி, அதுதான் உள்ளுக்கு ஒரு பெட்டியும் வெளிய ஒரு பெட்டியுமா வாற ஏசி, வெளிக் காத்தை உள்ளுக்கு எடுக்கும் எண்டுதான் கனபேர் நினைச்சுக்கொண்டு இருக்கிறாங்கள். அது எடுக்காது. ரூமுக்குள்ள இருக்கிற காத்தை மேலால இழுக்கும், ஃபில்டர் வலைக்குள்ளால விட்டு, கொயில் எண்டு சொல்லுற குளிர்ந்த குழாய்ச் சுருளில பட வச்சு, கீழால தள்ளும். கொஞ்ச நேரத்தில அதே காத்து மறுகா மேலால உள்ள போகும். ரூமில இருக்கிற எல்லாருடைய மூச்சும், கம்பளிப் போர்வையில இருந்து உதிருற நூலும், தோல் செதிலும், ஆரோ கருவாடு பொரிச்ச எண்ணெய்ப் புகையும் அதுக்குள்ளதான் சுத்திக்கொண்டு கிடக்கும். பாலைவனத்துக்குப் பழி போடுறது லேசு. ஃபில்டர்ல பிடிக்கிற சாம்பல் நிறத் தூசியில நல்ல பங்கு நம்மட உடுப்பும் போர்வையும் நாமளும்தான்.

நான் வந்த காலத்தில ஸ்பிளிட் எல்லாம் மனேஜர்மாருக்கு. எங்கட ரூம் இன்டஸ்ட்ரியல் ஏரியாவில, தட்டுக் கட்டில், ஜன்னல் ஏசி. சுவருக்கும் ஏசிக்கும் நடுவில இருந்த இடைவெளிக்கு கார்ட்போர்ட் மட்டையை வச்சு டேப் ஒட்டியிருப்பாங்கள். அதுக்கு நேர கீழ்க் கட்டில் எனக்கு, ஏனெண்டா புது ஆள். விடிய எழும்பினா தொண்டைக்குள்ள முள்ளு. "புதுசா வந்தா இப்படித்தான், பழகிரும்" எண்டு சொல்லுற நம்மட ஆக்கள் அண்டைக்கும் இருந்தாங்கள், இண்டைக்கும் இருக்கிறாங்கள். அவங்களும் இருமிக்கொண்டுதான் அதைச் சொல்லுவாங்கள்.

பக்கத்து ரூமில ஒரு மலையாளி எலக்ட்ரீசியன் இருந்தார். வயசான மனிசன், அதிகம் கதைக்க மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை எங்கட ஏசி தண்ணி ஒழுகுதெண்டு அவரைக் கூட்டி வந்தம். பிளக்கைப் புடுங்கினார், முன்பக்கக் கம்பியைக் கழட்டினார், ஃபில்டரை வெளிய எடுத்து ஒரு மூலையில நகத்தால கிள்ளி இழுத்தார். தாச்சியில இருந்து ரொட்டி கிளம்புற மாதிரி தூசி ஒரே தாளாக் கழண்டு வந்துது. அதைத் தூக்கி எங்கட முகத்துக்கு நேர பிடிச்சார். ஒண்டும் சொல்லேல்ல. அண்டையில இருந்து அவருக்குப் பின்னால சாமான் பெட்டி தூக்கித் திரிஞ்சுதான் இந்தத் தொழிலைப் படிச்சன். இப்ப ஒரு கட்டடத்தில மெயின்டனன்ஸ் முழுக்க என்ட கையில. ஒரு பிளாட்டுக்குள்ள கால் வச்சா ஃபில்டர் கழுவி எவ்வளவு காலம் எண்டு மணத்திலயே சொல்லுவன். பெருமைக்குச் சொல்லுறன் எண்டு வச்சுக்கொள், பிழையில்ல.

தண்ணி ஏன் ஒழுகினது தெரியுமா? ஃபில்டர் அடைபட்டா கொயிலுக்குக் காத்து பத்தாது. கொயில் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து ஐஸ் பிடிக்கும். மெஷினை நிப்பாட்டினதும் அது உருகிக் கட்டில்ல ஊத்தும். அதுக்குள்ள தூசி கலந்து தண்ணித் தட்டும் தண்ணி வெளிய போற பைப்பும் வழுவழுத்து அடைபடும். ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில பூஞ்சணம் பிடிக்காம வேற என்ன பிடிக்கும்? ஏசியைப் போட்டதும் முதல் வாற புளிச்ச மணம் அதுதான். அந்த மணத்துக்கு சென்ட் அடிச்சுப்போட்டு "சர்வீஸ் முடிஞ்சுது" எண்டு காசு வாங்கிக்கொண்டு போற ஆக்களையும் கண்டிருக்கிறன். கரண்டும் கூடத்தான் இழுக்கும். அடைபட்ட ஃபில்டரை மாத்தினா ஏசியின்ட மின்சாரச் செலவு 5 முதல் 15 வீதம் வரை குறையலாம் எண்டு அமெரிக்க எரிசக்தித் திணைக்களமே சொல்லுது. பில் கம்பனி கட்டுது, நமக்கென்ன எண்டு நினைக்காதே. மூச்சு உன்டது.

கழுவுறது பெரிய வித்தையில்ல. ரிமோட்டால நிப்பாட்டினா மட்டும் காணாது, சுவர் சுவிட்சையும் நிப்பாட்டு. முன் மூடியை ரெண்டு கையாலயும் மேல தூக்கினா ஒரு இடத்தில டக்கெண்டு நிக்கும். ஃபில்டரின்ட அடியில சின்னப் பிடி இருக்கும், கொஞ்சம் மேல தள்ளிக் கீழ இழு. ரூமுக்குள்ள வச்சுத் தட்டாதே, தட்டினா அவ்வளவும் உன்ட தலையணையிலதான் விழும். நேர பாத்ரூமுக்குக் கொண்டு போ. ஆக்கள் பிழை விடுற இடம் இதுதான்: தூசி படிஞ்ச முகத்தில தண்ணி அடிப்பாங்கள், அது தூசியை வலைக் கண்ணுக்குள்ள இன்னும் இறுக்கும். பின்பக்கத்தால அடி, வந்த வழியாலயே தூசி வெளிய போகும். எண்ணெய்ப் பிசுக்கிருந்தா கோப்பை கழுவுற சவர்க்காரம் கொஞ்சம் போதும். சுடுதண்ணி வேண்டாம், வலை நெளிஞ்சிரும். பிறகு சட்டத்துக்குள்ள குந்தாது. நிழல்ல காயவிடு. ஈரத்தோட திருப்பிப் போட்டா பூஞ்சணத்துக்கு நீயே தீனி போடுற மாதிரி. வலைக்குப் பக்கத்தில கறுப்பாச் சின்னக் கரி ஃபில்டர் இருந்தா அதைக் கழுவாதே, அது காலம் முடிய மாத்துற சாமான்.

ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இது நடக்கோணும். ஷமால் காத்து அடிக்கிற நாளெண்டா கிழமைக்கு ஒருக்கா. ஷமால் எண்டா வடமேற்கால வாற புழுதிக் காத்து. நம்மட கச்சான் காத்து தெரியும்தானே, வைகாசி ஆனியில மேற்கால அனலா அடிச்சு முகத்தைக் காயப் பண்ணுமே, அதுக்கு மண்ணையும் சேர்த்து நினைச்சுப் பார். கொயில் கழுவுறது, கேஸ் பார்க்கிறது எல்லாம் தொழில் தெரிஞ்சவனுக்கு விடு. ஃபில்டருக்கு மட்டும் தங்குமிடத்துக்குப் பொறுப்பான காம்ப் பொஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. மலையாளப் பொடியன்கள்ட ரூம்களில சுவரில தாள் ஒட்டி முறை வச்சுக் கழுவுறாங்கள். நம்மட ரூம்களில "நான் ஏன் கழுவோணும், அவன் கழுவட்டும்" எண்டு ஆறு மாசம் போகும். ஆனா 16ல வச்சுப்போட்டு ரெண்டு போர்வை மூடிப் படுக்கிறதில மட்டும் முழு ஒற்றுமை. 24ல வை. மூக்கு காயிறதும் குறையும்.

உன்ட ரூம்காரர் "ஏசியால நிமோனியா வந்து ஆக்கள் செத்திருக்கிறாங்கள்" எண்டு சொன்னாராம். அது முழுப் பொய்யில்ல, இடம்தான் வேற. 1976ல அமெரிக்காவில பிலடெல்பியாவில ஒரு ஹோட்டல்ல கூடின முன்னாள் படைவீரர்களுக்கு வந்த நோயைத்தான் லெஜியோனேர்ஸ் எண்டு சொல்லுறாங்கள். அந்தக் கிருமி வளருறது பெரிய கட்டடங்களின்ட ஏசிக்குத் தண்ணியைக் குளிராக்கிற கூலிங் டவர் மாதிரி, தண்ணி தேங்கிச் சுத்துற இடங்களில. ரூம் ஸ்பிளிட்டில கூலிங் டவர் இல்ல. அந்தப் பயத்தை விடு.

பியூரிஃபயருக்கு வருவம். ஏசி வலை பிடிக்கிறது நூல், முடி, பெருந்தூசி. கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி அதுக்குள்ளால சும்மா போகும். பியூரிஃபயருக்குள்ள இருக்கிற ஹெப்பா எண்ட நுண் ஃபில்டர் 0.3 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் எண்டா மில்லிமீட்டரில ஆயிரத்தில ஒண்டு) அளவுத் துகளிலயே 99.97 வீதம் பிடிக்கும், அதில சந்தேகமில்ல. ஆனா கதவு நிமிசத்துக்கு ஒருக்காத் திறக்கிற, ஒருத்தன் ஜன்னலடியில சிகரெட் பத்துற ரூமுக்கு அந்தக் காசு வீண். அதோட எந்த ஃபில்டரும் புதுக் காத்தைக் கொண்டு வராது. புழுதி இல்லாத விடியக்காலையில கொஞ்ச நேரம் ஜன்னலைத் திற. உடுப்பை ரூமுக்குள்ள காயப்போடாதே. போர்வையை மாசத்துக்கு ஒருக்காவது சுடுதண்ணியில தோய். இவ்வளவும் செய்தும் இழுப்பு, காய்ச்சல், சளியில ரத்தம் ஏதும் கண்டா, இல்லாட்டி இருமல் ரெண்டு கிழமை தாண்டினா, ஃபில்டரை மறந்துபோட்டு ஹெல்த் கார்டை எடுத்துக்கொண்டு டொக்டரிட்டப் போ. லீவு கேட்க வெட்கப்படாதே.

கடைசியில ஒரு வரி எழுதியிருந்தாய், முதல் சம்பளம் சேர்ந்ததும் வீட்டில அப்பாட அறைக்கு ஏசி பூட்டப் போறாயாம். நல்லது, பூட்டு. லீவில வந்தா கல்லடியில இருந்து அக்கரைப்பற்று மட்டும் கடற்கரையோரம் வெளிநாட்டுக் காசில பூட்டின ஏசிகளைப் பார்க்கிறன். உள்ளுக்கு ஃபில்டர் கழுவினதே இல்ல, வெளிய யூனிட்டின்ட அலுமினியத் தகடு உப்புப் பிடிச்சுக் கையால தொட்டா உதிருது. உங்கட வீடு கடலுக்குக் கிட்டவெண்டா வெளி யூனிட்டை மேற்குச் சுவரில பூட்டச் சொல்லு, வாடைக்காத்து நேர அடிக்காது. மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியால மெதுவாக் கழுவ தங்கச்சிக்குச் சொல்லிக் குடு. மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டுத்தான், அதையும் சேர்த்துச் சொல்லு.