துபாய் கோர்ட் தீர்ப்பு தண்டையார்பேட்டை வரை வருமா?

கேள்வி: துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். பேங்க் லோன் பாக்கியோடு ஊர் திரும்பிவிட்டேன். இப்போது ஒருவர், துபாய் கோர்ட் தீர்ப்பு என்று அரபியில் ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இந்த வாரம் கைது" என்கிறார். ஐம்பதாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவாராம். கொடுக்கலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தத் தாள் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து நேராக உங்கள் கதவைத் தட்ட முடியாது. பேங்க், தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு இங்கே மாவட்ட நீதிமன்ற அந்தஸ்துள்ள கோர்ட்டில், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட வேண்டும்.

அதற்காக, துபாய் தீர்ப்பு இங்கே செல்லாது என்ற டீக்கடைப் பேச்சையும் நம்பாதீர்கள். அது பழைய கதை. 1999-லேயே இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்கீழ் அறிவிக்கை வந்ததோ 2020 ஜனவரியில். ஒரு கெஜட் தாளுக்கு இருபது வருஷம்! இப்போது அங்கத்திய பணத் தீர்ப்பை நம் ஊர் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம்.

உங்களுக்கு ஒரு பிடி உண்டு, வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போதெல்லாம் இங்கே செல்லாது என்று சொல்லும் அதே சட்டத்தின் 13-வது பிரிவு. சம்மன் உங்களுக்குச் சேர்ந்ததா? நீங்கள் வரவில்லை என்பதற்காகவே, சாட்சியம் பார்க்காமல் தீர்ப்பளித்தார்களா? 2001-ல் இங்கிலாந்து தீர்ப்பு ஒன்றை நம் உச்ச நீதிமன்றம் இதே காரணத்தால் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் வராவிட்டாலும் லோன் பத்திரம், ஸ்டேட்மென்ட் எல்லாம் பார்த்து எழுதியிருந்தால் "எக்ஸ்பார்ட்டி" (ஒரு தரப்பு வராமலே வந்த தீர்ப்பு) என்று கத்திப் பயனில்லை. எக்ஸ்பார்ட்டி என்றாலே செல்லாது என்று சொல்லி ஃபீஸ் வாங்குகிறவர்கள் பாரிமுனையில் குறைவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. முதலில் அரபியை மொழிபெயர்த்துப் படியுங்கள்.

கைதா? கையில் பணமில்லாத கடன்காரரை அதற்காகவே சிறையில் போடக் கூடாது என்று 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர், ஐ.நா. உடன்படிக்கையையே எடுத்துக்காட்டித் தீர்ப்பெழுதினார். வசதி இருந்தும் ஏய்ப்பவருக்கு அது பொருந்தாது. அங்கே போலீஸ் கேஸ் இருந்தால் அது தனி. மறுபடி துபாய் போகுமுன் விசாரியுங்கள்.

அந்த ஆளிடம் பேங்க் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள், போன் கட்டாகும். பேரமா, பேங்கோடு நேரே பேசுங்கள். பணம் பேங்க் கணக்குக்கே போகட்டும். பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்காவிட்டால் அதே கடனுக்கு அடுத்த ஏஜென்ட் வருவார்.

கோர்ட் அமீனா நோட்டீஸோடு வந்தால் மட்டும் ஒளியாதீர்கள். மறுத்தாலும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். வாங்கி, தேதியைப் பார்த்து, அன்றைக்கே வக்கீலிடம் போங்கள்.