புற்றுநோய் ஆதரவுக் குழுவுக்கு அரசுப் பணம் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்: கன்னியாகுமரி மாவட்டம்

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுமாகப் பதினாறு பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். சுய உதவிக் குழுவாகப் பதிந்தால் அரசுப் பணம் வரும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, மார்த்தாண்டம்

அந்தப் பணம் வேறு கணக்கு. சுழல் நிதியானாலும் வங்கிக் கடனானாலும் அது தொழில் செய்து வருமானம் பார்ப்பதற்கானது. கடனைத் தவணை தவறாமல் கட்டியாக வேண்டும். கீமோ முடிந்து இன்னும் எழுந்து நடமாடாத பெண்ணைத் தவணைக்குப் பொறுப்பாளியாக்க வேண்டாம்.

புற்றுநோய்க்கான அரசு உதவிகள் பெரும்பாலும் மருத்துவமனைக்கோ நோயாளிக்கோ நேராகப் போகின்றன. குழு நடுவில் நின்று வாங்க வழியில்லை. ஆனால் உரியவருக்குப் போய்ச் சேராமல் அவை முடங்கும் இடங்கள் நிறைய. குழுவின் முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். தடங்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் தாய்வீட்டு அட்டையிலேயே கிடக்கும். ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல் இருக்கும். பயாப்சி முடிவு வரும்வரை காத்திராமல், மருத்துவர் சந்தேகம் சொன்ன அன்றே இதைச் சரிபார்க்க ஓர் ஆளைக் குழுவில் நியமியுங்கள்.

சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதில் பதிந்த உறுப்பினர் புற்றுநோய், காசநோய் போன்ற நோயால் வேலைக்குப் போக முடியாமலிருக்கும் காலத்துக்கு மாதம் 1,000 ரூபாய் தற்காலிக இயலாமை உதவித்தொகை உண்டு. கல்யாண உதவிக்கும் படிப்பு உதவிக்கும் இந்த அட்டையைத் தேடி எடுப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் முடியும் வேலை.

குழுவுக்கென்று அரசிடம் கேட்பதானால், பணத்துக்கு முன் இடமும் ஆளும் கேளுங்கள். மாதம் ஒரு பிற்பகல் கூட ஓர் அறை, வலி தணிப்புச் செவிலியர் ஒருவர் வந்து பேசுவது, 'மக்களைத் தேடி மருத்துவம்' வண்டி படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு வருவது. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும், தாலுகா மருத்துவமனை என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி என்றால் கல்லூரி முதல்வருக்கும் மனு எழுத வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் பின்னால் விசாரிக்கப் போவது வீண் அலைச்சல்.

சங்கமாகப் பதிய என்ன வேண்டும்? எங்கே தவறுகிறது?
– வாசகர், தக்கலை

1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அவர்கள் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பைலாவும் (சங்க விதிமுறைகள்) சங்க அமைப்புக் குறிப்பும், உறுப்பினர்களின் அடையாளச் சான்றும், அலுவலக முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் சேர்த்து மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் என இரண்டு பதிவு மாவட்டங்கள். உங்கள் ஊர் எதில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைலாவை வேறொரு சங்கத்திடமிருந்து நகலெடுப்பதில்தான் பாதித் தொல்லை. நோக்கங்களில் 'கலை, விளையாட்டு, ஊர் நலன்' என்று இருக்கும். புற்றுநோயாளிகளுக்கான உதவி, வலி தணிப்பு, விழிப்புணர்வு என்ற சொற்களே இருக்காது. பிற்பாடு நிதி கேட்கும்போது 'உங்கள் நோக்கத்தில் இது இல்லையே' என்று விண்ணப்பம் திரும்பும். பதிவுச் சான்று, பான் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் சங்கத்தின் பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் வசூலைப் போடவே கூடாது.

பதிந்ததோடு முடியாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டு விட்டால் அபராதமும் அலைச்சலும்தான். மத்திய அரசு நிதிக்கு நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் பதிந்து எண் பெற வேண்டும். நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்களை அங்கே கேட்பார்கள்.

மானியம் கிடைத்துவிட்டால் கணக்கு எப்படி?
– வாசகர், ஆரல்வாய்மொழி

தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு. மத்திய அரசு மானியமானால் 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள். கணக்கில் சேர்ந்த வட்டியும் அரசுடையது. சக்கர நாற்காலிக்கு வந்த பணத்தை நல்லெண்ணத்தோடு மருந்துக்குச் செலவிட்டாலும் தணிக்கையில் அது தவறுதான்.

திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) போகும் எங்கள் உறுப்பினர்களுக்கு என்ன உதவி?
– வாசகி, கருங்கல்

சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளிகள் நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. மண்டலப் புற்றுநோய் மையங்களில் சிகிச்சை பெறும் ஏழை நோயாளிகளுக்கானது, ஆர்.சி.சி. அவற்றில் ஒன்று. சிகிச்சை தரும் மருத்துவரின் கையொப்பமும் மருத்துவமனைத் தலைமையின் மேலொப்பமும், வருமானச் சான்றும், குடும்ப அட்டை நகலும் வேண்டும். ஏற்கெனவே செலவழித்த பணத்தை இதில் திரும்ப வாங்க முடியாது. ஆகவே நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது பயன்தராது. சேரும் முன்பே அங்குள்ள சமூகப் பணியாளரைப் பாருங்கள். நம் மாநிலக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதையும் காப்பீட்டு மேசையில் அன்றே கேட்டுவிடுங்கள்.

ரயில் சலுகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வகுப்பில் நோயாளிக்கும் துணைக்கும் 75 விழுக்காடு தள்ளுபடி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போலத் தொலைவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுத் தள்ளுபடி. துணைக்கு 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் ரயில்வே படிவத்தில் மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்க வேண்டும். கவுண்டரில் பெரும்பாலும் திருப்புவது அவை மங்கலாக இருப்பதால்தான்.

சவூதியிலுள்ள மகன் குழுவுக்குப் பணம் அனுப்பலாமா?
– வாசகர், குளச்சல்

இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுள்ள பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்குக் கைமாற்றுவதும் 2020 திருத்தத்துக்குப் பின் தடை. ஊரில் இன்னும் பலர் இதை 'ஏற்பாடு' என்று நினைத்துச் செய்கிறார்கள்.

எம்.எல்.ஏ. நிதி, மணல் ஆலையின் சமூகப் பொறுப்பு நிதி இவற்றைக் கேட்கலாமா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

தொகுதி நிதி நிலைத்து நிற்கும் சொத்துக்கானது. வாடகைக்கும் பயணச் செலவுக்கும் வராது. அரசு மருத்துவமனைக்குச் சாய்தளம், கழிப்பறை, கருவி என்று கேட்டால் பொருந்தும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்குச் சங்கம் வருமான வரித் துறையில் 12-ஏ, 80-ஜி பதிவுகள் (சங்கத்துக்கும் நன்கொடையாளருக்கும் வரிச் சலுகை தருபவை) பெற்று, சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும். புதிய குழுவென்றால், தகுதியுள்ள ஓர் அறக்கட்டளை விண்ணப்பிக்க, நீங்கள் களப்பணி செய்வதுதான் வழி. நீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் செறிவூட்டி என எண்ணிக்கையும் விலைப்புள்ளியும் வைத்துக் கேளுங்கள். மணல் ஆலையை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லுக்கும் இந்தச் சமூகப் பொறுப்பு நிதி விதி பொருந்தும். ஆனால் கடலோர ஊர்களில் மணலையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசும் வழக்கம் வலுவானது. அந்தப் பணத்தை வாங்கினால் குழு இரண்டாகப் பிரியலாம். விண்ணப்பிக்கும் முன் பொதுக்குழுவில் வைத்து, எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் கருத்தையும் சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.