பித்தப்பை போன பிறகும் கல் வருமா?

கேள்வி: 65 வயதாகும் என் தாயாருக்கு 3 ஆண்டுகளுக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றினார்கள். சென்ற மாதம் காய்ச்சலும் கண்ணில் மஞ்சளும் வரவே, பித்தநாளத்தில் கல் இருப்பதாகக் கூறி எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்தனர். பையே இல்லாதபோது கல் எப்படி வந்தது? முதல் அறுவையில் தவறு நேர்ந்ததா? பித்தப்பையில் கல் உள்ள என் தம்பியோ, மாத்திரையிலேயே கரைத்துக்கொள்வதாகச் சொல்கிறான்.
- வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: கல்லுக்கு மூலம் பித்தநீர், அது தேங்கும் இடங்களில் பையும் ஒன்று, அவ்வளவுதான். 1882-இல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றிய கார்ல் லாங்கன்பூக், பையை விட்டுவைத்தால் அது மறுபடியும் கல்லை உண்டாக்கும் என்று கருதியே பையோடு சேர்த்து எடுத்தார். ஆனால் கல்லீரலில் இருந்து பித்தநாளம் வழியாகப் பித்தநீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அறுவைக்குப் பின் 2 ஆண்டுகளுக்குள் தென்படும் கல்லை, முன்பே நாளத்தில் தங்கியிருந்தது என்றும், அதற்குப் பிறகு தென்படுவதைப் புதிதாக உருவானது என்றும் கொள்வது மருத்துவ வழக்கம். இக்கணக்கின்படி உங்கள் தாயாருக்கு வந்தது பெரும்பாலும் புதிய கல்லே. முதல் அறுவையைக் குறை கூறுவது சரியாகாது. கடும் அழற்சியால் பையின் ஒரு பகுதியை விட்டுவைக்க நேர்ந்திருந்தால் அது வேறு கதை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, இப்போதைய மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தகைய கல் பெரும்பாலும் பழுப்பு நிறமாக, விரலால் நசுக்கினால் காய்ந்த களிமண்போல் உதிர்வதாக இருக்கும். பித்தநீர் தேங்கி, அதில் குடல் கிருமிகள் சேரும்போது, அவற்றின் நொதி, பித்தநீரின் மஞ்சள் நிறமியான பிலிரூபினைப் பிரித்துவிட, அது கால்சியத்தோடு இணைந்து படிகிறது. எண்டோஸ்கோப்பியில் கல்லை வெளியே எடுக்க நாளத்தின் வாய்த்தசையை வெட்டித் திறப்பதால் கிருமிகள் உள்ளே ஏறவும் வழி கிடைக்கிறது என்பது இச்சிகிச்சையில் தவிர்க்க முடியாத சங்கடம். வெவ்வேறு ஆய்வுகளில் 4 முதல் 24 விழுக்காட்டினருக்குக் கல் திரும்பியிருக்கிறது. நாளம் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருப்பவர்கள், நாளம் குடலில் திறக்கும் இடத்தருகே சிறு பை போன்ற புடைப்பு உள்ளவர்கள், நாளத்தில் சுருக்கமோ கூர்மையான வளைவோ உள்ளவர்கள், கல்லை உடைத்தெடுத்தபோது துணுக்குகள் தங்கியவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். தாயாரின் நாளம் எத்தனை மி.மீ. என்று ஸ்கேன் அறிக்கையில் பாருங்கள். (தக்காளி விதைதான் காரணம் என்று உறவினர் யாரேனும் சொல்லியிருந்தால், அதை மறந்துவிடலாம்.) மீண்டும் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலோ மஞ்சளோ கண்டால், மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தம்பிக்கு வலி எதுவும் இல்லையென்றால் பொதுவாக அறுவையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை, கால்சியம் படியாத சிறிய கொழுப்புக் கற்களைத்தான் கரைக்கும். அதற்கும் பல மாதங்கள் பிடிக்கும். கரைந்த பின்பும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் கல் திரும்பிவிடுகிறது, ஏனெனில் பை அங்கேயே இருக்கிறது. எடையைக் குறைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தால், பட்டினி கிடந்து வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வேகமே புதுக் கல்லை உண்டாக்கக்கூடும்.