தசமபாகமும் சாபமும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு சேர்ந்து இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் சபையில் பெண்கள் நகை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. நானும் அன்றைக்கே கழற்றிவிட்டேன். அப்பா இல்லை. அம்மா இன்னும் இந்துதான். ஆவணியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. பீரோவில் கிடந்த வளையல்களை அடகு வைத்தோம், வட்டிக்கும் வாங்கினோம். மூன்று மாதம் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, கொடுக்க முடியவில்லை. பாஸ்டர் வேதாகமத்தில் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை வாசித்து, தேவனுக்குரியதை வஞ்சித்த வீட்டில் சாபம் இறங்கும் என்றார். அடுத்த வாரமே பையனுக்குக் காய்ச்சல். அம்மாவிடம் சொன்னால், "அழகர்கோயில்ல முடியிறக்குறதா நேர்ந்துக்கிட்டு நாலு வருஷமாச்சு, அவரு பொறுத்துக்கலையா?" என்கிறார். அவ்வளவு அறியாமை. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

என் கேள்வி இதுதான். தம்பி கல்யாணம் வருகிறது. வளையலை மீட்டதும், அம்மாவின் ஆசைக்காக அன்று ஒருநாள் மட்டும் போட்டுக்கொண்டால் என் இரட்சிப்புக்குப் பாதிப்பு உண்டா? அவிசுவாசியான தாய்க்காக தேவனுடைய பணத்தைச் செலவழித்தது பாவமா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சபை விவகாரக் கடிதங்களுக்கு நான் இங்கே பதில் எழுதுவதில்லை. ஆனால் போன மாதம் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். உடல் வீட்டுக்குள் கிடக்கிறது. சபைக் கமிட்டியார் வாசலில் நின்றுகொண்டு, சபைக்கு மாதாமாதம் கட்டும் சந்தாவின் பாக்கியைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொல்வோம் என்கிறார்கள். இறந்தவரின் மகன் பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கிவந்து கொடுத்தார். ரசீது எழுதிக் கொடுத்தார்கள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பாவைக் குளிப்பாட்ட உள்ளே போனார். அன்றிலிருந்து மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வளையலைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். எளிமையாக இருக்கப் பிரியப்பட்டு ஒருவர் நகையைக் கழற்றினால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. போட்டால் இரட்சிப்பு போய்விடும் என்று பயந்து கழற்றினால், அவருடைய இரட்சிப்பு மணிக்கட்டில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பூ விஷயமும் அப்படித்தான். இதில் பேச இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதை வாசித்தபோது எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. பெற்ற தாய் நடக்க முடியாமல் கிடந்தபோது மருத்துவமனைக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். கட்டிவிட்டு, அது பாவமா என்று ஊர் பேர் தெரியாத ஒருத்தனிடம் கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்கள் வாயில் வரும்படி ஆக்கியது எது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தீர்களா?

மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லிவிட்டால், அதாவது தேவனுக்குக் காணிக்கை ஆக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அன்றைய வேதபாரகர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இயேசு அவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார். அந்தத் தாய் தகப்பன் விசுவாசிகளா என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இன்னும் கடுமையானது. தன் வீட்டாரை விசாரியாதவன் 'அவிசுவாசியிலும் கெட்டவன்'. சிலுவையில் ஆணிகள் ஏறிக் கிடந்த நேரத்தில்கூட ஆண்டவர் தன் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஜீவனை விட்டார். நீங்கள் செய்ததும் அதே காரியம்தான். அதற்கா மன்னிப்புத் தேடி அலைகிறீர்கள்?

சரி, மல்கியாவுக்கு வருவோம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'நீங்கள் சபிக்கப்பட்டவர்கள்' என்ற ஒன்பதாம் வசனத்தை உங்கள் பாஸ்டர் வாசித்தார். அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை வாசித்தாரா? கூலிக்காரன் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள், இவர்களுக்கும் விரோதமாகத்தான் கர்த்தர் முதலில் நியாயத்தீர்ப்புக்கு வருகிறார். அதைத் தாண்டித்தான் பத்தில் ஒரு பங்கு பற்றிய பேச்சு.

அந்தப் பத்தில் ஒரு பங்கு என்னவென்று உபாகமம் 14ல் இருக்கிறது. தானியம், திராட்சரசம், எண்ணெய் இவற்றில் பத்தில் ஒரு பங்கு, அதோடு ஆடுமாடுகளின் தலையீற்று. அதைக் கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய், கொடுத்தவனும் அவன் வீட்டாரும் அங்கேயே சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். தூரமாக இருந்தால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போகலாம். மூன்றாம் வருஷத்துப் பங்கு எங்கும் போகாது. அது சொந்த ஊர் வாசலிலேயே வைக்கப்படும். யார் வந்து சாப்பிட? நிலம் இல்லாத லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. அவர்கள் திருப்தியாகச் சாப்பிடுவதற்காக.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். உங்கள் அம்மா விதவை. உங்கள் சபையின் கணக்கில் வெளியாள், அதாவது பரதேசி. மூன்று மாதத் தசமபாகம், மோசேயின் நியாயப்பிரமாணம் யாருக்குப் போகச் சொன்னதோ அந்த ஆளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மோசேயே வந்து நின்றாலும் உங்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் நான் மோசேயோடு நிறுத்த மாட்டேன். அங்கேயே நின்றுவிட்டால், வேறொரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு வசனத்தைக் காட்டி உங்களை மறுபடி கலங்கவைப்பார்கள். கலாத்தியருக்கு எழுதின கடிதத்தில் பவுல் சொல்வதைக் கேளுங்கள். நியாயப்பிரமாண புஸ்தகத்தில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் செய்து நிலைத்திராதவன் சபிக்கப்பட்டவன். எல்லாவற்றையும். தசமபாகத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. சாபத்தின் பேரால் காணிக்கை கேட்கிறவர் முழுப் புஸ்தகத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அவரால் முடியாது. என்னாலும் முடியாது. அதனால்தான் அடுத்து பவுல் இப்படி எழுதுகிறார்: 'கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்.'

நமக்காகச் சாபத்தைச் சுமந்தார் என்பதோடு பவுல் நிற்கவில்லை. சாபமே ஆனார் என்கிறார். மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்பது உபாகமத்தின் வார்த்தை. ஒரு யூதனின் காதில் அது எவ்வளவு அருவருப்பாக விழுந்திருக்கும்! தேவகுமாரனைப் பற்றி அந்த வார்த்தையை எழுதப் பவுலின் கை கூசவில்லை, ஏனென்றால் நம்முடைய விடுதலை முழுக்க அதில்தான் இருக்கிறது. இதற்குப் பிறகும் ஒருவர் மேடையில் நின்று, பத்து சதவீதம் தராவிட்டால் உன் வீட்டில் சாபம் என்று சொன்னால், அது முழுத் தொகையும் கட்டி மீட்ட நகைக்கு மறுபடி வட்டி கேட்பது. சிலுவையில் நடந்தது போதவில்லை என்று அவர் சொல்கிறார். 'நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால், கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே' என்ற பவுலின் வார்த்தையை அவர் ஒரு தடவை சத்தமாக வாசிக்கட்டும். 1517ல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் விட்டன்பெர்க்கில் எதிர்த்து எழுதியதும் இதைத்தான். காசு வாங்கிக்கொண்டு பாவத்துக்கான தண்டனையைக் குறைத்துத் தருகிற வியாபாரம். லூத்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த நாம் அதே கடையைத் தமிழ்நாட்டில் திறந்து வைத்திருக்கிறோம்.

உடனே சிலர், பார்த்தீர்களா, இந்தப் புதுச் சபைகளே இப்படித்தான் என்பார்கள். வாடிப்பட்டியில் வாசலில் நின்றவர்கள் பழைய சபைக்காரர்கள். நான் பிறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு சபைதான். என் அப்பத்தா சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவள். வெற்றிலை கிள்ளி, அடுக்கி, கவுளி கட்டுகிற வேலை. வலது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். ஒரு வருஷம் அடைமழை. தண்ணீர் வடியாமல் கொடியெல்லாம் வேர் அழுகிப் போனது. கூலி நின்றது, சந்தாவும் நின்றது. மாதத்துக்கு ஒரு தடவை ஐயர், அதாவது சபைப் போதகர், வந்து திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். பாக்கி உள்ளவர்கள் அன்றைக்கு முன்னால் வரக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஒரு நீள நோட்டிலிருந்து பெயர்களை வாசித்தார்கள். அப்பத்தா பெயரும் இருந்தது. அவள் எழுந்து போய் மற்றவர்களோடு முழங்கால் போட்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். ஐயர் நோட்டு வைத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். ஐயர் அந்தக் கைகளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனார். வரிசை முடியும்வரை அவள் கையை மடக்கவில்லை. பாயில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன். அந்த நோட்டு வைத்திருந்தவரை இன்றைக்கும் என்னால் முழு மனதோடு மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், உனக்கு அழுகை வரலையா என்று கேட்டேன். "அவுக நோட்டுலதாண்டா நான் பாக்கி. ஆண்டவரு என் பாக்கியைச் சிலுவையில அடிச்சுட்டாரு" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்ற கொலோசெயர் வசனத்தை யாரோ வாசிக்கக் கேட்டு மனதில் வைத்திருந்தாள். அடுத்த மாதமும் போய் முழங்கால் போட்டாள். வேறொரு ஐயர் வந்திருந்தார், கொடுத்தார். அவளிடம் நான் கற்ற இறையியலுக்கு மேலே இதுவரை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

உங்கள் அம்மாவின் அறியாமைக்காக ஜெபிக்கச் சொல்கிறீர்கள். அவருடைய கால் நடமாட்டத்துக்காக ஜெபிக்கிறேன். மற்றபடி, 'அவரு பொறுத்துக்கலையா' என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நேர்ந்துகொண்டது தள்ளிப்போனால் சாமி பொறுத்துக்கொள்ளும் என்று நம்புகிற ஒரு தாய், மூன்று மாதம் தவறினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவைப்பார் என்று நம்புகிற ஒரு மகள். நேர்த்திக்கடன் தவறினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் நம் ஊரில் பழையது. அதை விட்டு வெளியே வந்ததாக நீங்கள் நினைத்தீர்கள். அதே பயத்தைத் தசமபாகக் கவரில் போட்டு உங்கள் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சிலுவையைப் பற்றி அம்மாவிடம் சொல்ல உங்களுக்கு ஆசை இருக்கும். அம்மா இப்போது பொறுமையுள்ளவர் என்று நம்புகிற சாமியை விடக் கடுமையான ஒருவரைக் காட்டினால் அவர் எதற்காக வருவார்?

பையனுக்கு வந்த காய்ச்சல், மழைக்காலத்தில் ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகளுக்கு வருகிற காய்ச்சல். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் இயேசு. உங்கள் பையனிடம் 'அம்மா பணம் கட்டாததால்தான் உனக்கு இப்படி' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

அப்படியானால் காணிக்கையே கொடுக்க வேண்டாமா, கிருபை என்றால் இஷ்டத்துக்கு வாழலாமா என்று நாலு பேர் கேட்பார்கள். ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுலே பதில் சொல்லிவிட்டார், அங்கே பார்த்துக்கொள்ளட்டும். கொடுங்கள். கையில் இருக்கும்போது பத்துக்கு மேலேயும் கொடுங்கள். 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்று எழுதியிருக்கிறதே, அப்படிக் கொடுங்கள்.

மூன்று மாதப் பாக்கியைச் சேர்த்துக் கட்டுவதாக நினைத்திருந்தால் கட்ட வேண்டாம். முதலில் வட்டிக்கு வாங்கியதை அடையுங்கள். பாஸ்டரிடம் சண்டைக்கும் போக வேண்டாம். கேட்டால், அம்மாவுக்குச் செலவழித்தேன் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள், போதும். இந்த வாரம் ஒரு நாள் ராத்திரி, பையன் தூங்கினதும், கணவரோடு உட்கார்ந்து கலாத்தியரை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். ஆறே அதிகாரம்தான், அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்றாம் அதிகாரத்தை அவர் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.