பல் கிளினிக்கில் நோயாளியின் அந்தரங்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரே நாற்காலி கொண்ட சிறிய பல் கிளினிக் நடத்துகிறேன். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரிய மருத்துவமனைகளுக்குத்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மேலும், நான் வாங்கியுள்ள மென்பொருள் 'ஹிப்பா' விதிகளின்படி அமைந்தது என்று விற்பனையாளர் உறுதி தந்திருக்கிறார். இது போதுமா?
– பல் மருத்துவர், கும்பகோணம்

பதில்: போதாது. ஹிப்பா என்பது நோயாளிகளின் தகவலைக் காக்க 1996-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம். அதன்படி அமைந்த மென்பொருளில் நல்ல பாதுகாப்பு வசதிகள் இருக்கலாமே தவிர, கும்பகோணத்துக் கிளினிக்கின் சட்டக் கடமை அதனால் நிறைவேறிவிடாது. உங்களைக் கட்டுப்படுத்துவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல், பாதுகாப்பு ஏற்பாடு, கசிவு அறிவிப்பு முதலிய முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. இத்தனை நோயாளிகளுக்குக் குறைவாகப் பார்ப்பவர்களுக்கு விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தவற்றின் தன்மையையும் பாதிப்பையும் எடைபோட்டே தொகை முடிவாகும் என்பதால், அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இச்சட்டம் மின்னணு வடிவில் உள்ள தரவுக்கானது. வரவேற்பு மேசையில் கிடக்கும் அப்பாயின்ட்மென்ட் நோட்டு அதன் வரம்புக்குள் வராது. அந்தப் பக்கத்தை ஊழியர் கைப்பேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினால் வந்துவிடும்.

கேள்வி: கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), பல் செட் போன்றவற்றுக்கான விவரங்களை, அவற்றைச் செய்து தரும் லேபுக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் அனுப்புகிறோம். வாட்ஸ்அப் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டதுதானே, இதில் என்ன ஆபத்து?
– கிளினிக் மேலாளர், ஈரோடு

பதில்: பெரும்பாலான பல் கிளினிக்குகளில் நோயாளியின் விவரம் வெளியே போகும் முதல் வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மறையாக்கம் காப்பது செய்தி போகும் பாதையைத்தான்; இரு முனைகளிலும் உள்ள கைப்பேசிகளை அது காப்பதில்லை. நீங்கள் அனுப்பும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயின் (தாடை முழுவதையும் காட்டும் படம்) மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் தேதியும் அச்சாகியிருக்கும். ஸ்கேனரில் எடுத்த கோப்புக்கு நோயாளியின் முழுப்பெயரையே சூட்டியிருப்பீர்கள். குழுவில் இருக்கும் வடிவமைப்பாளர், கூரியர் பையன், எப்போதோ வேலையை விட்டுப் போன உதவியாளர் என அத்தனை பேருடைய கைப்பேசிப் படத்தொகுப்பிலும் அது தானாகச் சேர்ந்து, அங்கிருந்து அவர்களுடைய குடும்பத்தார் பார்க்கும் கூகுள் சேமிப்புக்கும் போய்விடலாம்.

லேபுக்கு உண்மையில் தேவைப்படுவது மிகக் குறைவு. 'வரிசை எண் 318, பல் 46, சிர்கோனியா கேப், நிறம் ஏ2' என்று எழுதினால் பின்பற்களுக்குப் போதும். எந்த எண் யாருடையது என்பது உங்கள் கணினியில் மட்டும் இருக்கட்டும். முன்பற்களுக்குச் சிரிப்பின் படம் தேவைப்பட்டால் மூக்குக்குக் கீழே வெட்டி அனுப்புங்கள். எக்ஸ்ரேயைப் பெயர் நீக்கி ஏற்றுமதி செய்யும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். லேபில் கசிந்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது கிளினிக்தான் என்பதாலும், ஒப்பந்தம் இல்லாமல் தரவை வெளியாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதாலும், வேலை முடிந்ததும் படங்களை அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் 16 வயது மகளுக்குப் பல்லில் கிளிப் போட்ட கிளினிக், முன்னும் பின்னும் எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறது. கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருக்கிறார்கள். கேட்டால், சேர்க்கைப் படிவத்தில் நான் கையெழுத்திட்டதாகச் சொல்கிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கண்ணை மறைத்தாலும் தெருவில் உள்ளவர்களும் பள்ளித் தோழிகளும் அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டுகொள்வார்கள். புதிய சட்டப்படி, ஒப்புதல் என்பது குறிப்பிட்ட நோக்கத்துக்காக, தெளிவாக, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும். சிகிச்சைப் படிவத்தின் அடியில் போட்ட ஒரே கையெழுத்து விளம்பரத்துக்கும் சேர்த்துப் பெற்ற ஒப்புதல் ஆகாது. 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். இதில் மருத்துவத் துறையினருக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே. விளம்பரம் அதில் அடங்காது.

படத்தை நீக்கும்படி இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். இந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவதற்கு முன்பும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பது பல் மருத்துவரின் தொழில் நெறி; அவர்கள் மறுத்தால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் கோப்பில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ஊழியர்களின் பாதுகாப்புக்காகத்தான். இது தவறா?
– பல் மருத்துவ உதவியாளர், சேலம்

பதில்: தவறுதான், உடனே நிறுத்துங்கள். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் தெரிவிக்கப்பட்ட எச்.ஐ.வி. நிலையை, நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை அது தடைசெய்கிறது. சிகிச்சைக்குத் தேவைப்படும்போது அவரைக் கவனிக்கும் மற்றொரு மருத்துவருக்குச் சொல்லலாம். காத்திருப்போர் கண்ணில் படும்படி மேசையில் கிடக்கும் ஸ்டிக்கருக்கு அந்த அனுமதி பொருந்தாது. ஊழியர்களுக்கும் அதனால் பாதுகாப்பு இல்லை. தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத நோயாளியின் கோப்பில் எந்த ஸ்டிக்கரும் இருக்காது அல்லவா? கையுறை, முகக்கவசம், கருவிகளை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் சாதனம்) வைத்தல் எல்லாம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்.

கேள்வி: கணினியை வைரஸ் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் என்ன செய்வது?
– பல் மருத்துவர், திருநெல்வேலி

பதில்: 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கே இது நேர்ந்து, பல நாள்கள் கையால் எழுதி வேலை பார்த்தார்கள். முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022-இலேயே வந்துவிட்டது. புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தகவல் தருவதோடு, 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான அறிக்கையும் தர வேண்டும். தப்பிக்க வழி முன்கூட்டியே நகல் எடுத்து வைப்பதுதான். நகல் உள்ள வன்தட்டைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால், நகல் எடுத்ததும் கழற்றிப் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.