பாட்டியின் தோட்டில் ஒரு கரும்புள்ளி

கேள்வி: என் பாட்டி ஐம்பது வருடம் போட்டிருந்த ஏழுகல் வைரத்தோடு இப்போது என்னிடம் இருக்கிறது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அவளுக்குக் கொடுக்கலாம் என்று மெருகு போட எடுத்துப் போனேன். கடையில் பார்த்துவிட்டு, "ஒரு கல்லில் கரும்புள்ளி இருக்கிறது, காகபாத தோஷம், கல்யாணப் பெண் போடக் கூடாது. எங்களிடமே கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதிலிருந்து என் நாத்தனாரும் வேண்டாம் என்கிறார். என் அப்பாவின் வியாபாரம் நொடித்ததற்கே அந்தத் தோடுதான் காரணம் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, தோட்டை இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். தோஷம் என்று சொன்னவரே அதை வாங்கிக்கொள்ளவும் கேட்கிறார் என்றால், அந்த ஒரு வார்த்தையை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

முதலில், புள்ளி கல்லுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டி காலத்துத் தோடுகளில் பல, பின்பக்கம் மூடிய கட்டு. எண்ணெய், மஞ்சள், பவுடர் எல்லாம் வருடக்கணக்கில் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் கல்லுக்கு அடியில் படியும். மேலிருந்து பார்த்தால் கல்லே கறுத்த மாதிரி தெரியும். என் பெரியம்மா இப்படி ஒரு புள்ளிக்குப் பயந்து தோட்டை ஒரு வருடம் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தார். கடைசியில் எங்கள் ஊர்ப் பத்தர் கட்டைப் பிரித்துத் துடைத்துக் காட்டினார். கல்லில் ஒன்றுமே இல்லை. மூடிய கட்டாக இருந்தால் வீட்டில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், தண்ணீர் உள்ளே தங்கி இன்னும் மங்கும். பின்பக்கம் திறந்த கட்டுக்கு அதுவே நல்ல வைத்தியம்.

சரி, புள்ளி கல்லுக்குள்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். காகபாதம் என்ற சொல் கடைக்காரர் இட்டுக்கட்டியது இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் ரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே விற்ற வைரம் "காகபாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும்" நீங்கியது என்கிறார் இளங்கோ. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்று நான்கு குறை. உங்கள் கல்லில் இருப்பது புள்ளி என்றால், அந்தக் கணக்கில் அது விந்து. காகபாதமே இல்லை! இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வரிகளில் குடும்பத்துக்குக் கேடு என்ற பேச்சே இல்லை. அந்தத் தெருவில் கிடைப்பது சுத்தமான சரக்கு என்று சொல்ல வந்த வரிகள் அவை.

பயமுறுத்தும் நூல்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, குறையுள்ள வைரம் உறவையும் செல்வத்தையும் உயிரையும் போக்கும் என்கிறது. ஆனால் அதே இடத்தில், குமிழி, உடைந்த முனை, சப்பை வடிவம் போன்ற குறை இருந்தால் விலையில் எட்டில் ஒரு பங்கைக் குறைக்கவும் சொல்கிறது. விலை குறைத்து விற்கலாம் என்றால், அந்தக் கல்லை வாங்கிப் போட்டுக்கொள்ள ஆள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? லென்ஸும் சர்டிபிகேட்டும் இல்லாத காலத்தில் தரம் பார்க்கக் கற்றுக்கொடுத்த பாடமாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

அந்தப் பாடத்தில் உண்மையும் இருக்கிறது. வைரத்தை எதனாலும் கீற முடியாது என்று நினைக்கிறோம். ஆனால் குறிப்பிட்ட திசையில் ஓர் அடி விழுந்தால் அது பிளந்துவிடும். அதனால் கோடு போன்ற விரிசல் கல்லின் ஓரம் வரை ஓடினால் நிஜமாகவே கவனம் தேவை. கரும்புள்ளி அப்படியில்லை. பூமிக்கு அடியில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கீழே கல் உருவானபோது உள்ளே சிக்கிக்கொண்ட கிராபைட்டோ வேறு தாதுத் துணுக்கோதான் அது. சுத்தமான வைரத்துக்கு வயது கண்டுபிடிக்க வழியில்லை. உள்ளே சிக்கிய இந்த மாதிரித் துணுக்குகளை வைத்துத்தான் நூறு கோடி வருடம், இருநூறு கோடி வருடம் என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அந்தப் புள்ளி மேல் ஒரு மரியாதையே உண்டு.

பழைய ரசீது ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். "புளூ ஜாகர்" என்று எழுதியிருந்தால், அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. 1971-லேயே அது மூடப்பட்டுவிட்டது. இன்று கடையில் புளூ ஜாகர் என்று சொன்னால் நீலம் ஓடும் வெள்ளை நிறத்துக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். உங்கள் பாட்டியின் கல் உண்மையிலேயே அந்தச் சுரங்கத்துக் கல்லாக இருக்கவும் வாய்ப்புண்டு. அதைக் கொடுத்துவிட்டு, புதுத் தோட்டுக்குச் செய்கூலியும் சேதாரமும் வேறு கட்டுவானேன்?

நீங்கள் செய்ய வேண்டியது இது. வாங்குவதிலோ விற்பதிலோ ஆதாயம் இல்லாத ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தாலே புள்ளியா விரிசலா என்று தெரிந்துவிடும். விரிசல் என்றால் அந்த ஒரு கல்லை மட்டும் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். கல்லைப் பிரிக்கும்போது கூடவே இருங்கள், ஏழு கல்லையும் எடை போட்டு எழுதி வாங்குங்கள்.

நாத்தனாரிடம் வாதாட வேண்டாம். பயம் மகள் மேல் உள்ள அக்கறையில் வந்தது. பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், லென்ஸில் அவரே பார்க்கட்டும். வியாபாரம் நொடித்த வருடத்தை அவர் சொன்னால், அதே தோட்டோடு பாட்டி எத்தனை கல்யாணம் நடத்தினார், எத்தனை பேரன் பேத்திகளைத் தூக்கினார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். அப்புறமும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால், முகூர்த்தத்துக்கு வேறு தோடு போட்டுவிட்டு, மறுவீட்டுக்கு வரும்போது இதை மகள் காதில் நீங்களே போட்டுவிடுங்கள்.